காருக்குக் கட்டிய கதிர்

அபிஷேகப்பாக்கம்
பங்குனி 4, புதன்கிழமை

அன்பு மகன் தமிழ்க்குமரனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, மருமகள் மகாலட்சுமி, தொட்டிலில் கிடக்கும் உன் மகள், கறவை மாடு இரண்டு, எல்லோரும் சுகம். மஸ்கட்டில் நீயும் சுகமாக இருக்க நம் மாரியம்மன் துணை இருக்கட்டும். சுகம் என்று எத்தனையோ முறை எழுதியிருப்பேன், சொல்லியிருப்பேன், இன்றைக்குத்தான் அந்த வார்த்தையை எழுதும்போது பேனா ஒரு நிமிடம் நின்றது. தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற அப்பா எதற்காகக் காகிதமும் பேனாவும் எடுத்தார் என்று நினைப்பாய். முகம் பார்த்துச் சொல்ல முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. மூன்று வாரமாக நீ போன் செய்யும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன், நீ பாப்பாவைக் காட்டுங்கப்பா என்பாய், போனைத் தொட்டில் பக்கம் திருப்பிவிட்டு நான் நழுவிவிடுவேன். பயப்படாமல் படி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன், அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

பாப்பா பிறந்த அன்று கார் ஸ்டார்ட் ஆகவில்லை, ஆட்டோவில் போனோம் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். கார் ஸ்டார்ட் ஆனது. நான்தான் ஓட்டினேன். வீட்டிலிருந்து ஒன்றரை மைல் ஓட்டினேன்.

நீ போன வருடம் அந்தக் காரை வாங்கி நிறுத்திவிட்டுப் போகும்போது இரண்டே விஷயம் சொன்னாய். இரண்டு நாளைக்கு ஒரு தரம் ஸ்டார்ட் செய்து கொஞ்சம் ஓட்டுங்கள், நெல் மூட்டை பக்கத்தில் நிறுத்தாதீர்கள் என்று. மகாவுக்கு அம்மா இல்லை, தலைப் பிரசவத்துக்குப் போகத் தாய்வீடு இல்லை, அவளுக்கு வலி எடுக்கும் நாளுக்கென்றே அந்த வண்டி, அதை மறந்துவிடாதீர்கள் என்றும் சொன்னாய். நான் மறக்கவில்லை. அதுதான் வினை. ஒரு கீறல் விழக்கூடாது, ஒரு பொட்டு வெயில் படக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்தேன். தை கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தபிறகு, நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்க்கிறாள், இனி அந்த நாளைக்குத்தான் வண்டி தேவைப்படும் என்று கொட்டகைக்குள் விட்டேன். சம்பா அறுப்பு முடிந்து நெல் வந்தது. அறுபது மூட்டையை வேறு எங்கே வைப்பது? கொட்டகையில்தான் அடுக்கினோம். வண்டியைச் சுற்றி மூன்று பக்கமும் மூட்டை, மேலே தரை வரைக்கும் தொங்குகிற தார்ப்பாய். பார்ப்பதற்கு எனக்கே பெருமையாக இருந்தது. உன் அம்மா மட்டும், இன்னாங்க இது, கல்யாணப் பொண்ண மூடி வெச்ச மாதிரி வெச்சிக்கினு இருக்கீங்க, ஒரு நாள் எடுத்து ஓட்டக் கூடாதா என்று கேட்டாள். உனக்கு இன்னா தெரியும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. மாட்டுப் பொங்கல் அன்று நான் செய்த காரியத்தைக் கேள். நம் வீட்டில் மாட்டுக்கும் டிராக்டருக்கும் புதுக்கதிர் கட்டுவது உனக்குத் தெரியும். நிலைப்படியில் கட்டுவது போல டிராக்டர் முகப்பிலும் ஒரு கொத்து கட்டுவேன், அடுத்த வருடம் புதுக்கதிர் வரும்வரை அவிழ்க்க மாட்டேன். இந்த வருடம் உன் காரும் வீட்டில் ஒன்றாகிவிட்டதே, அதை மட்டும் விட்டுவிடலாமா என்று, முதல் அறுப்பில் நல்ல முற்றின கதிராகப் பார்த்து இரண்டு பிடி எடுத்து, மஞ்சள் நூல் சுற்றி, முன்பக்கக் கம்பிவலைக்கு உள்பக்கமாக விட்டுக் கட்டினேன். வெளியே கட்டினால் காற்றில் உதிரும் என்று உள்ளே கட்டிய புத்திசாலி நான். டிராக்டர் தினம் வயலுக்குப் போகிறது, வெயிலில் நிற்கிறது, அதில் கட்டிய கதிரைக் குருவி தின்றது, அவ்வளவுதான். கார் இருட்டில், மூடிய பாயின் கீழே, நெல் மூட்டைகளுக்கு நடுவே, வாயில் நெல்லைக் கவ்விக்கொண்டு அசையாமல் நின்றது. எலி என்ன செய்யும், நீயே சொல்.

மாசி பன்னிரண்டு, காலை ஏழு மணி. மகா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவள் தீனி போடும் கவணையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். உன் அம்மா ஒரு சத்தம் போட்டாள் பார், கொட்டகைக்கு ஓடினேன். தார்ப்பாயைப் பிடுங்கி எறிந்தேன், சாவியைத் திருகினேன், முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. பார்த்தாயா, பொத்தி வைத்த வண்டி என்று அந்த அவசரத்திலும் எனக்கு ஒரு கர்வம். முன் சீட்டுக்குக் கீழே பை தயாராக இருந்தது. பிள்ளையைச் சுற்றுவதற்காக என் பழைய வேட்டிகளை அம்மா துவைத்து மெத்தென்று கிழித்து மடித்து வைத்த பை. கடைசி நேரத்தில் மறந்துவிடக் கூடாது என்று பத்து நாள் முன்பே நான்தான் அதைக் காரில் வைத்தேன்.

தெருமுனை தாண்டும் முன்பே மகா சொன்னாள், மாமா, பெட்ரோல் வாட அடிக்குது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் மூக்குதான் உனக்குத் தெரியுமே, வருடத்தில் பத்து மாதம் அடைப்பு. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சொன்னாள், மாமா, ரொம்ப அடிக்குது, கொஞ்சம் நிறுத்திப் பாக்கலாமா. அதற்கு நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மசக்கைக்காரி மூக்குக்கு எல்லா வாடையும் வரும், பேசாம படுத்துக்கினு வாம்மா என்றேன். அம்மாதான், பத்தாம் மாசத்துல இன்னாய்யா மசக்கை என்று கத்தினாள். மகா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணாடியை இறக்கிவிட்டாள். வலியில் முனகக்கூட இல்லை, நான் பதறிவிடுவேன் என்று. தகப்பன் போல நம்பி உட்கார்ந்து வந்த பெண்ணை நான் வாயடைத்தேன் தம்பி.

மெயின் ரோட்டைத் தொடுவதற்கு முன்னால் வண்டி குலுங்கியது. ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கிற எச்சரிக்கை விளக்கெல்லாம் ஒன்று விடாமல் எரிந்தது. நான் அப்போதும் நிறுத்தவில்லை, காலை இன்னும் அழுத்தினேன். எதிரில் மணப்பட்டிலிருந்து மீன்காரப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. அதில் செங்கமலம் இருந்தாள், வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில் நம் தெருவுக்கு மீன் கொண்டுவருமே, அந்த அம்மாள். ஆட்டோவை நிறுத்தச் சொல்லி நடுரோட்டில் இறங்கி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டாள். யோவ் பெரியவரே, வண்டிக்கி அடியில ஊத்திக்கினே வருது, மொதல்ல பொண்ண எறக்கு என்று கத்தினாள். இறங்கிப் பார்த்தேன். எங்கள் பின்னால் ரோட்டில் ஈரக்கோடு, நாங்கள் வந்த வழியெல்லாம். வண்டிக்கு அடியில் சொட்டுச் சொட்டாக இல்லை, நூல் மாதிரி இறங்குகிறது. பானட் இடுக்கில் லேசாகப் புகை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன் என்று அம்மா சொல்கிறாள், எனக்கு நினைவில்லை. ஏ, எறங்குங்கடி எல்லாம், கூடைய எடுங்க என்று செங்கமலம் விரட்டியதும், மீன் கூடையெல்லாம் ரோட்டோரம் இறங்கியதும், அவளே தன் சேலைத்தலைப்பால் சீட்டைத் துடைத்து மகாவைப் படுக்கவைத்ததும் மட்டும் கண்ணில் நிற்கிறது. மீன் நாற்றத்தோடுதான் உன் மனைவி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாள். போய்ச் சேர்ந்த நாற்பதாவது நிமிடம் உன் மகள் பிறந்தாள்.

அங்கேயும் ஒரு அதிர்ச்சி. துணி கேட்டு நர்ஸ் வந்ததும் அம்மா பையைத் திறந்தாள். பையின் அடியில் கை நுழைகிற ஓட்டை. வேட்டித் துணியில் பாதிதான் இருந்தது, அதிலும் எலிப்புழுக்கை. அம்மா பையை அப்படியே சுருட்டித் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, ஓட்டை தெரிகிற மாதிரி என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பிள்ளையை ஆஸ்பத்திரித் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் டிராக்டரில் கட்டி இழுத்து காரை பிரிட்டோ பட்டறையில் விட்டேன். மெயின் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறானே, உன்னோடு பத்தாவது படித்தவன். பானட்டைத் திறந்ததும் அவனே ஒரு அடி பின்னால் நகர்ந்துவிட்டான். இஞ்சின் மேலெல்லாம் உமி. நான் கட்டிய கதிரில் ஒரு மணி இல்லை, வெறும் தாள், மஞ்சள் நூல் மட்டும் கட்டியது கட்டியபடி இருந்தது. ஒயர் மேல்தோல் உரிந்து செம்பு தெரிகிறது. பெட்ரோல் வருகிற ரப்பர் குழாயில் வரிசையாகப் பல் பதிந்திருக்கிறது, ஒரு இடத்தில் பொத்தல். பிறகு டேஷ்போர்டைக் கழற்றி ஏசி காற்று வருகிற பெட்டியைத் திறந்தான். உள்ளே என் வேட்டி. உன் பிள்ளைக்கென்று அம்மா கிழித்து வைத்த துணியை வட்டமாகச் சுருட்டி, அதன்மேல் கண் திறக்காத ஆறு குஞ்சு, சிவப்பாக. நம் பிள்ளைக்கு விரித்த துணியில் அது தன் பிள்ளையைப் போட்டிருக்கிறது. பிரிட்டோ சிரிக்கலாமா வேண்டாமா என்று பார்த்துவிட்டு, பெரியப்பா, எலி நெல்லத் தேடிப் போவும்னு கேட்டிருக்கேன், நீங்க ஊட்டி உட்டு, படுக்க எடம் குடுத்து, போத்திக்கத் துணியும் குடுத்திருக்கீங்களே என்றான். அப்புறம் முகம் மாறி, இன்னும் பத்து நிமிசம் ஓட்டியிருந்தா சூட்டுல பத்திக்கினு இருக்கும் என்றான். பத்து நிமிடம். ஆஸ்பத்திரி இன்னும் இருபது நிமிட தூரம். கணக்குப் போட்டுப் பார்க்காதே என்று மனதை அதட்டுகிறேன், அது கேட்பதில்லை.

வண்டியை விற்றுத் தொலைக்கிறேன் என்று குதித்தேன். எலிக்குப் பயந்து வூட்ட கொளுத்துவாங்களா, வெச்ச எடத்த மாத்துங்க என்றாள் உன் அம்மா. இப்போது கார் வேப்பமரத்தடியில் வெட்டவெளியில் நிற்கிறது, தார்ப்பாய் கிடையாது, எச்சம் விழுந்தால் கழுவிக்கொள்ளலாம். கொட்டகையில் நெல் மட்டும். காற்று போகிற வாய்க்கு பிரிட்டோ சின்னக் கண் கம்பிவலை அடித்துக் கொடுத்தான். காலையில் பால் கறந்ததும் பானட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஸ்டார்ட் செய்து மெயின் ரோடு வரை போய் வருகிறேன். ராத்திரி பானட்டைத் திறந்தே வைத்தால் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் எலி அண்டாது என்று ஊரில் சொல்கிறார்கள், அதையும் செய்தேன், இரண்டாம் நாள் பூனை போய்ப் படுத்துக்கொண்டது, விட்டுவிட்டேன். புகையிலைக் காம்பைத் துணியில் முடிந்து சூடு படாத மூலையில் கட்டியிருக்கிறேன், வாரம் ஒரு தரம் மாற்ற வேண்டும், வாடை போனால் பலனில்லை. மருந்து மட்டும் வைக்காதீங்க, உள்ளயே செத்து நாறும் என்றான் பிரிட்டோ. வண்டிக்குள் தின்பண்டம், துணிப்பை எதுவும் வைப்பதில்லை. நீயும் உன் கம்பெனி வண்டியை லீவில் நிறுத்திவிட்டு வந்தால் திரும்பிப் போனதும் முதலில் பானட்டைத் தூக்கிப் பார். கதிரை நானே அவிழ்த்தேன். வருடம் முடியாமல் அவிழ்க்கிறோமே என்று கை கூசியது. மாரியம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் அவிழ்த்தேன். அந்தப் பொத்தல் குழாயை மட்டும் பிரிட்டோவிடம் கேட்டு வாங்கி வந்து கார் சாவியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். சாவியை எடுக்கும்போதெல்லாம் கையில் தட்டுப்படட்டும்.

மகா இதில் ஒரு வார்த்தைகூட உன்னிடம் சொல்லவில்லை என்று உன் பேச்சிலிருந்து தெரிந்தது. தீட்டுக் கழித்துப் புண்ணியதானம் முடிந்த அன்று கேட்டேன், ஏம்மா அவன்கிட்ட சொல்லல என்று. சொன்னா அவரு அங்க தூங்குவாரா மாமா, நீங்களே ஒரு நாளு சொல்லுவீங்க என்றாள். நேற்று பாப்பாவுக்கு எடை பார்க்கப் போனோம், அதே காரில். சாவியைப் போட்டேன், திருகவில்லை. திரும்பிப் பார்த்து, வாடை ஏதாவது வருதாம்மா என்று கேட்டேன். அவள் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, இல்ல மாமா, எடுங்க என்றாள். பிறகுதான் எடுத்தேன். இனி எப்போதும் அப்படித்தான். உன் மகள் மூன்றரை கிலோ இருக்கிறாள்.

வைகாசியில் லீவு உறுதியாகக் கிடைக்குமா என்று எழுது, பெயர் வைக்க நீ வரவேண்டும் என்று காத்திருக்கிறோம். செங்கமலத்துக்கு நீ உன் கையால் ஒரு புடவை எடுத்து வா, நாங்கள் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறாள். தண்ணீர் நிறையக் குடி, வெயிலில் அலையாதே. நீயும் உன் மகளும் நூறு வயது நோய்நொடி இல்லாமல் வாழ அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், உன் மனைவி ஏதோ வாடை வருகிறது என்றால், உனக்கு வருகிறதா என்று பார்க்காதே, முதலில் வண்டியை நிறுத்து.

கவரில் போடுவதற்கு முன் இதை மகாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். முழுவதும் படித்தாள். எல்லாம் சரியா இருக்கு மாமா, அந்த மசக்கைக்காரின்னு சொன்ன எடத்த மட்டும் அடிச்சிடுங்க, அவரு மனசு கஷ்டப்படும் என்றாள். நான் அடிக்கவில்லை.

இப்படிக்கு
உன் அப்பா
உலகநாதன்