இடிக்கு முன்னே வருவது

என் ராணி அக்காவுக்கு,

இந்தச் சித்திரையிலும் பிற்பகலானால் நம் மலையில் இடி முழங்குகிறது. ஆனாலும் உனக்குச் சொல்ல ஒரு நல்ல செய்தி இருக்கிறது.

அன்று தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது உன் தலைமுடி எழுந்து நின்றதாம். பக்கத்து நிரையில் நின்ற பார்வதி அக்கா பிறகுதான் சொன்னார். "பேய் புடிச்ச மாதிரி இருக்கு பாருங்க" என்று நீ சிரித்தாயாம். உடனே மின்னல் விழுந்தது. அந்தக் கணத்தில் பயந்தாயா, அக்கா? அல்லது அந்தச் சிரிப்போடே போய்விட்டாயா?

பள்ளிக்கூடத்தில் நான் வருடந்தோறும் நடத்துகிற பாடம்தான் அது. மின்னேற்றம் ஒன்று இருந்தால் அதைச் சுற்றி மின்புலம் பரவியிருக்கும். தொடாமலே இன்னோர் ஏற்றத்தை இழுக்கும், தள்ளும். கரும்பலகையில் அதை அம்புக்குறிகளாகப் போட்டுவிட்டு வந்துவிடுவேன். மலையில் நிற்கிறவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

அதனால் ஒரு காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கே போனேன். பலூனை என் கம்பளிச் சட்டையில் தேய்த்து, பார்வதி அக்காவின் தலைக்கு அருகே பிடித்தேன். முடி எழுந்தது.

"இதே மாதிரிதான் ராணிக்கும்" என்றார் அவர்.

"மேகத்துல ஏத்தம் சேர்ந்தா, அதோட புலம் நம்ம தல வரைக்கும் வந்துரும். முடி எந்திரிக்கிறது அதனாலதான். ஆனா அதுவரைக்கும் காத்திருக்கக் கூடாது. இடி கேட்டவொடனே எறங்கி கட்டடத்துக்குள்ள போயிரணும்" என்றேன்.

"ஒவ்வொரு இடிக்கும் எறங்குனா கொழுந்த யாரு எடுக்குறது?" என்று கங்காணி கேட்டார்.

"கொழுந்து நாளைக்கும் இருக்கும். ராணி இருக்காளா?" என்றார் பார்வதி அக்கா.

போன வாரம் இறம்பொடைப் பக்கம் இடி கேட்டதும், கங்காணியே எல்லோரையும் இறக்கிவிட்டார். சற்று நேரத்தில் அவர்கள் நின்ற இடத்துச் சவுக்கு மரம் மின்னலில் பிளந்தது. பெண்கள் எல்லோரும் தொழிற்சாலைக்குள் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கங்காணி எனக்குப் போன் எடுத்தார். "ஒங்க அக்கா புண்ணியத்துல எல்லாரும் நல்லா இருக்காங்க, டீச்சர்" என்றார். நான் வெகுநேரம் அழுதேன். அது துக்கம் மட்டுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூண்டுலோயா தோட்டம் ஒன்றுக்கு, இதையே சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். உன் மகள் கவிதாவும் வருகிறாள்.

"அம்மாவுக்கு நடந்தத நானே சொல்றேன், சித்தி" என்கிறாள்.

சொல்லட்டும். நடுவில் குரல் உடைந்தால், அவள் மறுபடி தொடங்கும்வரை பக்கத்திலேயே நிற்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப் பிறந்தவள்,
மல்லிகா