ஏழாம் எண் வால்வு

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். நீங்களும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும். ஒன்பது வருடம் கழித்து என்ன திடீர்ப் பாசம் என்று நினைப்பீர்கள். மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

நம் ஆலையைப் பிரிக்கிறார்கள். புகைபோக்கியைப் போன மாதமே இறக்கியாயிற்று. எந்தக் குழாயில் என்ன ஓடியது என்று காட்ட என்னை வைத்திருக்கிறார்கள். நான் சாக்கட்டியால் குறி போடுவேன். பின்னாலேயே வெட்டுகிறவர் வருவார்.

செவ்வாய்க்கிழமை கொதிகலன் கூடத்தில் ஏழாம் எண் வால்வைக் கழற்றினோம். உங்கள் வால்வுதான். வெட்டுகிறவர் அதன் சக்கரத்தைச் சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதென்ன கூத்து? சக்கரம் சுத்துது, தண்டும் இறங்குது. உள்ள நீராவிய அடைக்கிற தகடு மட்டும் அப்படியே தொறந்து நிக்குது" என்றார். தண்டின் நுனி முறிந்து, முறிந்த இடம் துருவேறிக் கிடந்தது. ஒன்பது வருடம் முன்னால் நடந்த அந்த விபத்துக்கு அப்புறம் முறிந்திருக்குமோ என்று யோசித்தேன். அன்றைக்கே அந்தக் குழாயை அடைத்துவிட்டோமே, பிறகு யார் தொட்டார்கள்?

விசாரணையில், "அத்தான் மூடல" என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லில்தான் உங்கள் வேலை போனது. நீராவி சீறியதைப் பார்த்தேன். வெல்டரின் கை வெந்ததைப் பார்த்தேன். நீங்கள் சக்கரத்தைச் சுற்றினீர்களா என்பதைப் பார்த்தேனா? நாலு நாளாக யோசிக்கிறேன். ஒரு சமயம் குனிந்த உங்கள் முதுகு தெரிகிறது. அது நானே இப்போது உண்டாக்கிக்கொள்வதா என்றும் புரியவில்லை.

மேலாளரிடம் சொன்னேன். "ஆலையே போச்சு, இனி யாருக்கு என்னத்த நிரூபிக்கப் போறீங்க?" என்றார். அங்கே நியாயமாகப் பட்டது. வீட்டுக்கு வந்தால் படவில்லை. பழைய இரும்பு லாரியில் ஏற்றிய வால்வை ஓடிப்போய் இறக்க வைத்தேன். நாலு பேர் தூக்கினோம். இப்போது குளியலறை வாசலில் கிடக்கிறது. என் மனைவி அதன்மேல் துணி காயப் போடுகிறாள்.

வெல்டரையும் போய்ப் பார்த்தேன். "எனக்கு அவர் மேல கோவமே இல்லியே. வீட்டு மனுஷன் நீங்களே சொன்னதால நம்பினேன்" என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

இது நல்ல செய்தியா, மன்னிப்புக் கேட்பதா, எனக்கே குழப்பமாக இருக்கிறது. நடந்ததை எழுதி நானும் வெல்டரும் கையெழுத்திடுகிறோம்; சம்மதம் என்று அவர் மறுநாளே சொல்லி அனுப்பிவிட்டார். யாரிடம் கொடுப்பது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இதை அக்காவுக்குப் படித்துக் காட்டுங்கள். கோபம் தீரட்டும் என்று அவள் காத்திருக்க வேண்டாம். கோபத்தோடேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், அத்தான்.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன்