கண்ணாடியின் எந்தப் பக்கம்

வியாழன், இரவு

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள், டைரியே. பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

துத்தநாக ஆக்சைடில் கொஞ்சம் அலுமினியம் கலந்தால் மின்சாரம் நன்றாகப் பாயும். அளவு மீறினால் குறையும். கண்ணாடியில் நான் படியவைத்த அந்தக் கலவைப் படலத்திலோ இன்று துளிகூடப் பாயவில்லை. திங்களன்று ஆராய்ச்சி ரிவ்யூவில் இதைத்தான் காட்ட வேண்டும்.

"உன் அலுமினியம் லீவு போட்டுடுச்சுடி" என்று துவாக்குடி லேபில் நஸ்ரின் சிரித்தாள்.

அதிகமாகக் கலந்துவிட்டேனோ என்று ஸ்ரீரங்கம் வரும்வரை பஸ்ஸில் குழம்பினேன். அப்படியிருந்தாலும் அடியோடு நிற்காதே?

இப்போது தோன்றுகிறது. படலம் ஒரு பக்கம்தான், ஆனால் கண்ணுக்குத் தெரியாது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று போன் வந்த பதற்றத்தில் வெறும் கண்ணாடிப் பக்கத்தை அளந்துவிட்டேனோ? நாளை அவளை விட்டுப் போக முடியாது.

நஸ்ரினுக்கு மெசேஜ் போட்டேன்: "காலையில என் கண்ணாடியைத் திருப்பி வச்சு அளந்து பாருடி. சீக்கிரம் பதில் போடு."