கோட்டுக்குச் சொன்ன வணக்கம்

அன்புள்ள அப்பாவுக்கு, மகளின் வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

"இந்தக் கிட்டப்பார்வைய வச்சுக்கிட்டு என்ன வேலைம்மா பாப்பே?" என்று கேட்டீர்களே, பதில் கிடைத்துவிட்டது. துணி ஆலையில் முதலில் என்னை வாசலில், வருகிறவர்களைப் பார்க்கும் வேலைக்குத்தான் நிறுத்தினார்கள். கண்ணாடி போட்டும் தூரத்தில் மங்கல்தான்; தூணில் தொங்கிய மேலாளரின் கோட்டுக்கு, அவரென்றே நினைத்துத் தினமும் வணக்கம் சொல்லியிருக்கிறேன்! ஒருநாள் பின்னாலிருந்து, "கோட்டுக்கே இவ்வளவு மரியாதையாம்மா?" என்று சிரித்த மேலாளர், என்னைத் துணி சோதிக்கும் மேசைக்கு மாற்றினார். இங்கே கண்ணாடியைக் கழற்றித் துணியை மூக்கருகே பிடித்தால், விட்டுப்போன ஒற்றை இழைகூடப் பளிச்சென்று தெரிகிறது.

கழற்றிய கண்ணாடியைத் தேடுவதுதான் பெரும்பாடு. கழுத்தில் மாட்ட ஒரு கயிறு அனுப்புங்கள்.

மணி அடித்துவிட்டது. ஓடுமுன் ஒன்று: உங்கள் போட்டோவும் அம்மா போட்டோவும் வேண்டும். சின்னதாக இருந்தாலும் போதும். எனக்குப் பக்கத்தில் இருப்பவர்கள்தானே நன்றாகத் தெரிவார்கள்.