நெஞ்சு அடித்துக்கொண்ட நவம்பர்

நவ. 4, திங்கள்

மழை. காலையிலிருந்து விடவே இல்லை. ஷீபாவின் யூனிஃபார்ம் அடுப்புக்கு மேல் கொடியில். புகை வாசனையோடு பள்ளிக்கூடம் போகிற பிள்ளை.

நேற்று இரவு மறுபடியும். மணி பார்க்கவில்லை, பார்த்தால் பயம் கூடுகிறது. யாரோ உலுக்கி எழுப்பியதுபோல விழிப்பு. நெஞ்சு அடித்த அடி காதுக்குள்ளேயே கேட்டது. உள்ளங்கையெல்லாம் வேர்வை. குன்னூர் குளிரில் வேர்வை! கையை மார்பில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். இதோ நின்றுவிடும், இதோ நின்றுவிடும் என்று. நிற்கவில்லை. விடிந்தது. இட்லிக்கு ஊற்றினேன்.

பக்கத்தில் இவர் நல்ல தூக்கம். ட்ராயிங் மாஸ்டருக்கு என்ன கவலை, ஆப்பிளும் பூஜாடியும் வரைந்துவிட்டு வந்தால் அன்றைக்கு வேலை முடிந்தது.

காலையில் கேட்டேன். “ஏனுங்க, ராத்திரி ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சுங்களா?”

“என்ன சத்தம்? எலியா?”

“ஒண்ணுமில்லைங்க.”

என் நெஞ்சுச் சத்தம் இவருக்குக் கேட்டிருக்கும் என்று நினைத்தேனே, என்னைச் சொல்லவேண்டும்.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், ஷீ.க்கு கிரேயான், குடைக்குக் கம்பி.

அப்பா போனது நாற்பது வயதில். எஸ்டேட் குவார்ட்டர்ஸில், ராத்திரி. “நெஞ்சு படபடங்குது, கொஞ்சம் தண்ணி குடு” என்று அம்மாவிடம் கேட்டாராம். அம்மா தண்ணீரோடு வந்தபோது அவர் இல்லை. எனக்கு வருகிற ஜனவரியில் நாற்பது.

எழுதிவிட்டேன். எழுதினால் பாரம் குறையும் என்பார்கள். குறையவில்லை.

நவ. 5, செவ்வாய்

மூடுபனி. எதிர் வீடு தெரியவில்லை. ஆபீசுக்கு நடந்தே.

இன்று மேசை நிறைய சாம்பிள். வியாழன் ஏலத்துக்கு வரும் டீத்தூள் எல்லாம் நாளைக்குள் ருசி பார்த்து முடிக்க வேண்டும். மாதன் அண்ணன் கிண்ணம் கிண்ணமாகத் தூளைப் போட்டு, கொதிநீர் ஊற்றி, வடித்து வைக்கிறார். ராகவன் சார் முன்னால், நான் பின்னால். கரண்டியில் அள்ளி ‘சர்’ரென்று உறிஞ்சி, நாக்கில் புரட்டி, சக்கரம் வைத்த பித்தளைத் தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கிண்ணம். சார் துப்புவது ஒரு கலை. நின்ற இடத்திலிருந்து, கோடு போட்டதுபோல.

நான் துப்புவதில்லை. முதல் நாள் வாய் நிறைய டீயோடு தொட்டிப் பக்கம் போனேன். சார் மரியாதைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாதன் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு ஆம்பளைகள் எனக்காகத் திரும்பி நிற்க, நான் குனிந்து துப்புவதா? அப்படியே முழுங்கிவிட்டேன். அன்றிலிருந்து அதே பழக்கம். நான் தொட்டிப் பக்கம் போனால் அவர்கள் திரும்பிக்கொள்வார்கள், நான் முழுங்கிவிடுவேன். யாருக்கும் தெரியாது.

இத்தனை வருஷம் இங்கே டைப் அடித்தவள் நான். என் நாக்கு நல்ல நாக்கு என்று சார்தான் கண்டுபிடித்து மேசைக்குக் கூப்பிட்டார். இதற்கு முன் இந்த மேசையில் பெண் நின்றதில்லை. டிசம்பர் வரை சோதனை. தேறினால் நிரந்தரம். தேறாவிட்டால் மறுபடி டைப்ரைட்டர், மாடி ஆபீசில் இருப்பவர்களின் இளிப்பு.

நெஞ்சு கோளாறு என்று வெளியே தெரிந்தால் தீர்ந்தது கதை. “பாவம், உடம்புக்கு முடியாதவங்க” என்று அன்பாகவே இறக்கிவிடுவார்கள்.

நவ. 7, வியாழன்

நேற்று இரவுதான் இதுவரை மோசம். எழுந்து சமையலறையில் போய் நின்றேன். தண்ணீர் குடிக்கப் பயம். அப்பா தண்ணீர் கேட்டாரே என்று. பைத்தியக்காரத்தனம், தெரிகிறது, ஆனாலும் குடிக்கவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. ஷீபா பக்கத்தில் போய்ப் படுத்தேன். இவளை யார் பார்ப்பார்கள், இவருக்குத் தலை பின்னத் தெரியாதே என்று அதையே நினைத்து அழுகை.

இன்று ஏலம். மத்தியானம் தலைவலி என்று சொல்லிவிட்டு டாக்டரிடம். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்.

“என்ன வேலைம்மா?”

“ஆபீஸ் வேலைங்க. டைப்பிங்.” டாக்டரும் ராகவன் சாரும் ஒரே இடத்தில் சீட்டு ஆடுகிறவர்கள். உண்மையைச் சொல்வேனா?

“காபி, டீ எத்தனை குடிப்பீங்க?”

“ரெண்டு டீங்க. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு.”

“அதிகமில்லையே. வீட்ல ஏதாச்சும் கவலையா?”

“இல்லைங்க.”

“படம் சுத்தமா இருக்கு. மனசுல எதையும் போட்டுக்காதீங்க.” ஒரு மாத்திரை. கொஞ்ச நாள் லீவு போட்டு எங்காவது போய் வரச் சொன்னார்.

படம் சுத்தம். சந்தோஷப்பட வேண்டும். படவில்லை. அப்பாவுக்கும் படம் எடுத்திருந்தால் சுத்தமாகத்தானே இருந்திருக்கும், முந்தின நாள்கூட ஃபாக்டரிக்குப் போனாரே. நெஞ்சில் ஒன்றும் இல்லையென்றால் பின் எங்கே? தலையிலா?

இவரிடம் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, “சரி, அக்கா ஊட்டுக்குப் போயிட்டு வா” என்றார். அவ்வளவுதான். பேப்பரை எடுத்துக்கொண்டார். ஒரு வார்த்தை, பயப்படாதே என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? கோபம்.

நவ. 10, ஞாயிறு. கூடலூர்

நேற்று பஸ்ஸில் ஷீபா மூன்று முறை வாந்தி. அக்கா வீடு முழுக்க மிளகு வாசனை, மாமா மூட்டைகளை முன்னறையில்தான் அடுக்குகிறார்.

தலைவலி. மண்டையைப் பிளக்கிறது. மலை இறங்கியதால் என்கிறார் மாமா.

ஆனால் தூங்கினேன். நடுவில் ஒரே ஒரு முறை விழிப்பு, படபடப்பு கொஞ்சம்தான்.

பக்கத்து வீட்டு மலையாளத்துச் சேச்சி வந்து முகத்தைப் பார்த்ததுமே, “உறக்கம் இல்லியோ மோளே?” என்று கன்னத்தைப் பிடித்தார். கண் கலங்கிவிட்டது. பெற்றவள் கேட்டதுபோல.

நவ. 12, செவ்வாய். கூடலூர்

இரண்டு இரவும் தொடர்ந்து தூக்கம். ஒரு முறைகூட எழவில்லை. தலைவலியும் போய்விட்டது. நேற்று மாமா நாடுகாணி வரை ஜீப்பில் கூட்டிப்போனார். காட்டைப் பார்த்தபடி உட்கார்ந்து கடலை தின்றேன். பயம் இல்லாமல் இருப்பது எப்படி என்றே மறந்துபோயிருந்தது.

அக்கா சொல்கிறாள்: “உனக்குக் குன்னூர் காத்து ஆகலடி. இல்லாட்டி அந்த ஊட்ல ஏதோ இருக்கு. சர்ச் ஐயரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணச் சொல்லு.”

எனக்கு வேறு யோசனை. எழுதவே கை கூசுகிறது. மலை அதே மலைதான், குளிர் கொஞ்சம் குறைவு, அவ்வளவே. இங்கே இல்லாதது இவர் ஒருவர்தான். பதின்மூன்று வருஷம் பக்கத்தில் படுத்த மனுஷன் இல்லாத இடத்தில் எனக்குத் தூக்கம் வருகிறது. இதை இவரிடம் எப்படிச் சொல்வது? யாரிடம்தான் சொல்வது?

மாலை பஸ்ஸில் திரும்புகிறோம்.

நவ. 14, வியாழன்

நேற்று சேர்ந்து கிடந்த சாம்பிள் எல்லாம் ருசி பார்த்தோம். ராத்திரி பழையபடி. பழையபடி என்ன, இரண்டு மடங்கு.

விழித்ததும் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முகத்தாலா? நல்ல மனுஷன்தானே. அடித்ததில்லை, குடித்ததில்லை. முருங்கைக்காய் வாங்கி வரச் சொன்னால் வாழைக்காய் வாங்கி வருவார், அது ஒரு குற்றமா?

இவர் சட்டென்று கண் திறந்தார். “என்ன, மறுபடியுமா?” “இல்லைங்க, தூங்குங்க.” திரும்பிப் படுத்துவிட்டார்.

ஐயர் வந்து ஜெபித்துவிட்டுப் போனார். கூட நான்கு பெண்கள். காபி, முறுக்கு. மாதர் சங்கத்து லில்லி அக்கா போகும்போது காதில், “ஊட்டுக்காரரோட சண்டையா?”

நவ. 17, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கோயில் விட்டு வந்து சமைத்துக்கொண்டிருந்தேன். ஷீபா என் எவர்சில்வர் டம்ளர்களை எல்லாம் ஜன்னல் ஓரம் வரிசையாக வைத்து, தண்ணீர் ஊற்றி, கரண்டியால் உறிஞ்சி உறிஞ்சி வாளியில் துப்பிக்கொண்டிருந்தாள். அம்மா வேலை விளையாட்டு. தரை எல்லாம் தண்ணீர்.

“ஏண்டி இப்படித் துப்பி வெக்கற?”

“நீதானம்மா சொன்ன, ராகவன் சார் துப்புவாருன்னு. நீ எப்படித் துப்புவ?”

“நான் துப்பமாட்டேன் கண்ணு. முழுங்கிருவேன்.”

முன்னறையில் பேப்பர் சத்தம் நின்றது. இவர் வாசற்படியில் வந்து நின்றார்.

“முழுங்கிருவியா? ஒவ்வொரு கிண்ணமுமா?”

“ஒரு கரண்டிதானுங்களே.”

“எத்தனை கிண்ணம் இருக்கும்?”

மேசை நீளத்துக்கு இருக்கும், அது முடிந்தால் மறுபடி ஒரு வரிசை என்றேன். இவர் முகம் போன போக்கு!

“டாக்டர் டீ எத்தனைன்னு கேட்டாரே, ரெண்டுன்னு சொன்னேன்னு சொன்னியே எஸ்தர்.”

“ரெண்டுதானுங்களே நான் குடிக்கறது. அது டீ இல்லைங்க. அது வேலை.”

சொல்லி முடிக்கும்போதே எனக்கும் உறைத்தது. அப்படியே அரிசிச் சாக்கு மேல் உட்கார்ந்துவிட்டேன். டிகாக்‌ஷன் மாதிரி கறுப்பாக, பால் இல்லாமல், சர்க்கரை இல்லாமல், செம்புக் கணக்கில் குடித்துவிட்டு வந்து, அப்பா கூப்பிடுகிறார் என்று இத்தனை ராத்திரி அழுதிருக்கிறேன். கூடலூரில் தூங்கியது இவர் இல்லாததால் இல்லை, மேசை இல்லாததால். அட ஆண்டவரே.

இவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தெருமுனைக் கடைக்குப் போய் டாக்டருக்கு ஃபோன் செய்துவிட்டு வந்தார். “அதை நிறுத்திட்டு ஒரு வாரம் பாக்கணுமாம். நாளைலிருந்து துப்பு.”

“ஆம்பளைங்க முன்னாடி எப்படிங்க?”

“அப்ப டைப்பிங்குக்குப் போயிரு.”

“மாட்டேன்.”

சாயங்காலம் முழுக்கப் பயிற்சி. வாளி, தண்ணீர், மூன்று பேர். எனக்குத் தாடையில் வழிகிறது. இவருக்குச் சுவரில். ஷீபாதான் கெட்டிக்காரி.

நவ. 18, திங்கள்

வெயில், ஆச்சரியம். துணி காய்ந்தது.

முதல் கிண்ணம் உறிஞ்சினேன். தொட்டிப் பக்கம் திரும்பினேன். அவர்களும் வழக்கம்போலத் திரும்பிக்கொண்டார்கள். வாயில் டீ சூடாக நிற்கிறது. முழுங்கு, முழுங்கு என்கிறது தொண்டை. தெருவில் ஒரு தரம் காறித் துப்பியதற்கு அம்மா விட்ட அறை ஞாபகம் வருகிறது. கண்ணை மூடிக்கொண்டு துப்பினேன்.

பித்தளையில் விழுந்த சத்தம் ரூம் முழுக்கக் கேட்டது. கொஞ்சம் புடவையிலும்.

மாதன் அண்ணன் ஜன்னலையே பார்த்தபடி, “ஏனுங்கம்மா, ஈரத்துணி தரட்டுங்களா?” என்றார். சார், “இது எப்படி இருக்கு, சொல்லுங்க” என்றார். “கொஞ்சம் கருகல் வாசனைங்க சார், ட்ரையர்ல அதிக நேரம் இருந்திருக்கு” என்றேன். தலையாட்டினார். அவ்வளவுதான். இதற்கா இத்தனை நாள் செத்தேன்?

ஆனாலும் இரவை நினைத்தால் பயம். டீதான் காரணம் என்று யார் கண்டது? துப்பியும் வந்துவிட்டால்? அப்புறம் சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் மிச்சம் இல்லை.

நவ. 19, செவ்வாய்

தலைவலி. இரவு விழிப்பு வந்தது, அடியும் வந்தது, ஆனால் லேசாக. அதனால் பயமா, பயத்தால் அதுவா, பிரிக்கத் தெரியவில்லை. இன்றும் எல்லாவற்றையும் துப்பினேன். புடவையில் படவில்லை.

நவ. 20, புதன்

கண் விழித்தேன். ஜன்னலில் வெளிச்சம். நன்றாக விடிந்திருந்தது! எந்தப் பக்கம் படுத்தேனோ அதே பக்கம், கை மரத்துப்போய். நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன். அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

திரும்பினால், இவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். கம்பளியைத் தோளோடு போர்த்தி. கண் இரண்டும் சிவப்பு.

“ஏனுங்க, தூங்கலைங்களா?”

“நீ எந்திரிக்கவே இல்ல” என்றார். “தினமும் எந்திரிப்பியே. அந்நேரத்துக்கு எனக்கும் முழிப்பு வந்துரும். நீ பயந்துக்குவேன்னு கண்ணை மூடிப் படுத்துக்குவேன். நேத்து நீ அசையவே இல்ல எஸ்தர். அதான் மூச்சு வருதா, வருதான்னு பாத்துட்டே உக்காந்திருந்தேன்.”