சத்தம் வந்தால் எழுந்து போகிறார்

ஜூன் 9, திங்கள்

இன்றும் அதே கூத்து. வாணவெடிகளைத் தூரத்தில் நின்று ரிமோட்டில் கொளுத்தும் கருவிக்கு நாங்கள் சர்க்யூட் போர்டு செய்கிறோம். மேஜை மேல் இருக்கும் மெஷின், கடுகளவு பாகங்களைத் தன் மூக்கால் உறிஞ்சி எடுத்து போர்டில் வைக்கும். பாகங்கள் சுற்றிவரும் ரீல்களில் ஒன்று தீர்ந்தது. திரை சிவந்து பீப் பீப் என்று கத்தியது. ஆபரேட்டர் கருப்பம்மாள் அக்கா ஸ்டாப்பை அமுக்க வேண்டியதுதானே? எழுந்து வெளியே போய்விட்டார்! மெஷின் பாட்டுக்கு வெறும் மூக்கோடு ஓடியது. இருபது போர்டு வீண்.

மென்பொருள் நான் எழுதியது. எட்டு மாத உழைப்பு. அதை இப்படியா?

ஜூன் 12, வியாழன்

மூன்று முறை ஓடினார். மூன்றாவது முறை கத்திவிட்டேன். "சரி பாப்பா" என்கிறார். என்ன சரி? மண்டை காயுது.

ஜூன் 14, சனி

வீணான போர்டுகளுக்கு முதலாளி சங்கரபாண்டியன் அண்ணாச்சி காரணத்தை எழுதித் தரச் சொன்னார். 'ஆபரேட்டர் தவறு' என்று எழுதிக் கொடுத்தேன்.

"அப்போ அடுத்த சனிக்கிழமையோட அந்தம்மாவைப் புதுப்பட்டிக்கே அனுப்பிருவோம் சுகிர்தா. பழையபடி மருந்து ரூம்புல நிக்கட்டும்."

புதுப்பட்டியில் இருக்கும் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறை அது. அங்கே போக மாட்டேன் என்றுதான் அக்கா இங்கே வந்தார். ஆனால் நான் எழுதியதில் பொய் என்ன இருக்கிறது?

ஜூன் 17, செவ்வாய்

கேட்டே விட்டேன். "ஏங்க்கா ஓடுறீக?"

இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தார். "செவப்பா எரிஞ்சு சத்தம் கேட்டா, என்ன ஏதுன்னு பாக்கக் கூடாது பாப்பா. கையில இருக்கதைப் போட்டுட்டு வெளிய வந்துரணும். மருந்து ரூம்பு வெடிச்ச அன்னைக்கு நாலு பேரு நின்னு பாத்தாக. நான் வந்துட்டேன்."

அவர் விடவில்லை. "இது ரீலு தீந்த சத்தம்னு எனக்கு எப்படித் தெரியும்? உங்க மெசின் எல்லாத்துக்கும் ஒண்ணுபோலல்ல கத்துது."

ஜூன் 18, புதன்

எண்ணிப் பார்த்தேன். ஏழு விதமான கோளாறு. ஏழுக்கும் ஒரே சிவப்பு, ஒரே பீப், 'பிழை 47' மாதிரி ஒரு நம்பர். 47 என்றால் ரீல் காலி என்று எனக்குத் தெரியும், நான் வைத்த நம்பர். வேறு யாருக்குத் தெரியும்? சீ, எவ்வளவு திமிர் எனக்கு.

அண்ணாச்சியிடம் போய்த் தவறு என்னுடையது என்றேன். அவர் அசையவில்லை. "சனிக்கிழமை வரைக்கும் பாப்போம்."

ஜூன் 20, வெள்ளி

மென்பொருளை மாத்தி எழுதிப் பாக்குறேன், ஒண்ணுமே ஓட மாட்டேங்குது. நாளைக்கு என்ன செய்வேன்? எந்த முகத்த வச்சுக்கிட்டு அக்காவப் பாப்பேன்?

ஜூன் 21, சனி

காலையில்தான் ஓடியது. கோளாறு வந்தால் இனி மெஷின் தானே நிற்கும். பிறகு ஒரு மெல்லிய மணி. திரையில் ரீல் வரிசையின் படம், அதில் காலியான இடம் மஞ்சளாக. கீழே தமிழில்: 'மூன்றாவது ரீல் தீர்ந்தது. மெஷின் நின்றுவிட்டது.'

அண்ணாச்சி பின்னால் நின்றார். மணி அடித்தது. அக்கா எழுந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் அலமாரியில் புது ரீலைத் தேடிக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி புதுப்பட்டிப் பேச்சை எடுக்காமல் போய்விட்டார். அவரிடம் அதுதான் சம்மதம்.

ஜூலை 3, வியாழன்

அக்கா இன்று மென்பொருளில் பதினோரு குறை சொன்னார். எரிச்சலாக வந்தது. ஒன்பது நியாயமானவை, அதனால் இன்னும் எரிச்சல்.

கடைசியாக ஒன்று கேட்டார். "அந்தப் பழைய கத்தலை அழிச்சுறாதீக பாப்பா. மெசின்ல பொகை வந்தா மட்டும் அது கத்தட்டும். அப்போ நீங்களும் கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டு நிக்காம எங்கூட வெளிய வந்துரணும், என்ன?"

சரிக்கா என்றேன்.