சலவை அறைக் கதவு திறக்கும் சத்தம்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் தாய்மாமனும், சத்த உலகின் ஏகச் சக்கரவர்த்தியும், ஈரத் துண்டை முறுக்கியே பத்துப் பேரின் எலும்பு முறியும் சத்தத்தை எழுப்பவல்லவனுமான நான், என் பழைய மைக்கின் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன்: இப்போது எழுதப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். நீயும் நம்ப மாட்டாய். பரவாயில்லை, நம்பாமலே படி.

"ஆபீஸ் பேச்சை எடுத்தா போனை வெச்சிடுவேன் மாமா" என்றாய். எடுத்தேன், வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம். இதைக் கிழிக்கலாம், ஆனால் கிழிப்பதற்கு முன்னால் ஒருதரம் படித்துவிடுவாய். உன் குணம் எனக்குத் தெரியாதா?

முதலில் வீட்டுச் செய்தி. அக்கா சௌக்கியம். நீ போனில் "சாப்பிட்டேன்மா" என்று சொல்வதை நம்புகிற மாதிரி நடிக்கிறாள். அவள் முழங்கால் வலி இடது காலிலிருந்து வலது காலுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. உன் அறையை யாரும் தொடவில்லை. பழங்களை வரிசையாக நிறுத்தி வெடிக்க வைக்கும் கேம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாயாமே! பேய்க் கதைக்கு முன்கதை எழுதிய கை இப்போது வாழைப்பழத்துக்கு முன்கதை எழுதுகிறதா? நன்றாக இருக்கட்டும்.

சரி, கதவு விஷயத்துக்கு வருகிறேன். பழ வெடிச் சத்தத்தில் நீ மறந்திருப்பாய். முதலிலிருந்தே சொல்கிறேன்.

நம் ஆபீஸில் எல்லாரும் சேர்ந்து செய்த முதல் பேய் கேமில் இருந்தது ஒரு பாழடைந்த பெண்கள் விடுதி. உள்ளே மாட்டிக்கொண்டவரைத் தேடி, வார்டன் அம்மா சாவிக்கொத்தோடு அலைவாள். அந்தச் சாவிச் சத்தம் அடியேன் உபயம். அதைக் கேட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்தவர்களில் பாதிப் பேர் இன்னும் வெளியே வரவில்லை. அங்கேயே கல்யாணம் செய்து குடும்பம் நடத்துகிறார்கள். அப்படிப்பட்ட வார்டன், மூன்றாவது மாடிச் சலவை அறைக்கு மட்டும் வரமாட்டாள். வாசல் வரை வருவாள், நிற்பாள், திரும்பிப் போய்விடுவாள். காரணம் நமக்குத்தான் தெரியும். புரோகிராம் எழுதும் நம் சோடாபுட்டி அவளுக்கு அகலமான தோள் வைத்துவிட்டான். அறைகளைக் கட்டும் நம் ஆசாரியம்மா குறுகலான கதவு வைத்துவிட்டாள். இரண்டும் பொருந்தவில்லை. கேம் கடைக்குப் போகும்வரை ஒருத்தரும் கவனிக்கவில்லை. "கதவு சரியாத்தான் இருந்துச்சு, உன் பொம்பளைதான் குண்டு" என்று அவளும், "குண்டா? நீ வெச்சது கதவா, ஜன்னலா?" என்று இவனும் இன்றுவரை சண்டை.

ஆனால் விளையாடியவர்கள் வேறு மாதிரி நினைத்தார்கள். அந்த அறையில் யாரோ இருந்திருக்கிறார்கள், அவளுக்கு வேண்டியவர்கள் யாரோ, அதனால்தான் நுழைய மனம் வரவில்லை என்று எழுதித் தள்ளினார்கள். ஒரு பல் டாக்டர் அம்மா எழுதிய கட்டுரை, லாரியில் ஏற்றினால் டயர் வெடிக்கும். நாங்கள் கூச்சத்தில் நெளிந்தோம். நீ மட்டும் நெளியவில்லை. "அவ ஏன் நுழையலன்னு நான் சொல்றேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய்.

அப்படிப் பிறந்ததுதான் முன்கதை. வார்டன் இன்னும் மனுஷியாக இருந்த காலம். விளையாடுகிறவரே வார்டன். விடுதியின் அடித்தளத்திலிருந்து கறுப்புத் தண்ணீர் ஏறுகிறது; தொட்டவர்கள் மாறிப்போகிறார்கள். அவள் பிள்ளைகளை மொட்டைமாடிக்கு ஏற்றிவிடுகிறாள். ஒரு சின்னப் பெண் மட்டும் பயத்தில் சலவை அறைக்குள் தாழ்போட்டுக்கொண்டது. கதவைத் திறந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும். வார்டன் தன் போர்வையைக் கதவிடுக்கில் திணித்துவிட்டு, வெளியே உட்கார்ந்துகொள்கிறாள். தண்ணீர் அவள் காலைத் தொடுகிறது. "கண்ணு, கதவைத் திறக்காத. நானே கெஞ்சினாலும் திறக்காத. நான் உள்ள வரமாட்டேன். இங்கதான் இருக்கேன்." அவ்வளவுதான் முடிவு. பேயான பிறகும் அந்த ஒரு வார்த்தையை அவள் காப்பாற்றினாள்.

நீ இதை வாசித்துக் காட்டியபோது சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

பிறகு பணம் போட்டவர்கள் அனுப்பிய கோட்டுக்காரர் வந்தார். வேனிற்காலத்திலும் கோட்டைக் கழற்றாத மனிதர். தோலோடு தைத்திருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். "கடைசியில கதவு திறக்கணும். பேய் பாயணும். அந்தப் பொண்ணு கையில ஒரு துப்பாக்கி குடுங்க, விளையாடுறவங்க அவளா மாறிச் சுடட்டும்" என்றார். "அந்தக் கதவு திறந்தா நான் இல்ல" என்றாய் நீ. "அப்ப நீங்க இல்ல" என்றார் அவர். நீ விமானம் ஏறினாய். இது வரைக்கும் உனக்குத் தெரியும்.

தெரியாததைச் சொல்கிறேன். சோடாபுட்டி கதவைத் திறந்துவிட்டான். "வீட்டுக் கடன் மாமா" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். அவனைத் திட்டாதே. ஆனால் திறக்கிற கதவுக்குச் சத்தம் வேண்டாமா? கோட்டுக்காரர் என் அறைக்கு எழுந்தருளினார். "ஒரு கிரீச்தானே பெரியவரே, ரெண்டு நிமிஷ வேலை" என்றார். நான், நம் கதவுச் சத்தங்களுக்கெல்லாம் தாயான என் கிரீச் நாற்காலியிலிருந்து எழுந்து, அதைப் பிடித்துக்கொண்டு நின்று, அண்டசராசரமும் நடுங்கச் சொன்னேன்: "ரெண்டு நிமிஷம்கூட ஆகாது சார். செய்யத்தான் மாட்டேன். பேய்க்குக் கால் குடுத்தேன், மூச்சுக் குடுத்தேன், பல்லுக் கடிக்கிற சத்தம் குடுத்தேன். அந்தக் கதவு திறக்கிற சத்தம் மட்டும் என் கையால வராது."

வெளியூர் ஆட்களை வைத்து விளையாடிப் பார்க்கப் போகிறார்களாம். அது முடிந்ததும் என் அறையைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார். காலிசெய்யும்போது கிரீச் நாற்காலியையும் தூக்கிக்கொண்டுதான் போவேன், கவலைப்படாதே. அக்காவிடம் மட்டும் சொல்லாதே.

வேளைக்குச் சாப்பிடு. வாழைப்பழமாவது சாப்பிடு.

இப்படிக்கு,
இன்னும் சில நாட்கள் வரை சக்கரவர்த்தியாக இருக்கப்போகும்
உன் மாமன்.

---

அன்புள்ள மருமகளுக்கு,

பதில் வரவில்லை. அதனால் நீ படித்துவிட்டாய் என்று தெரிந்துகொண்டேன். படிக்காமலிருந்தால் திட்டியாவது எழுதியிருப்பாய்.

பரீட்சை நடந்தது. முதல் கேமைக் கரைத்துக் குடித்தவர்களாகப் பார்த்து அழைத்து வந்தார்கள். கட்டுரை எழுதிய பல் டாக்டர் அம்மாவும் வந்திருந்தார். பெரிய ஹாலில் திரைகள். பின்னால் சுவரோரம் நாங்கள், பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி. நான் சத்தம் தரவில்லை என்பதால் கோட்டுக்காரர் எங்கிருந்தோ ரெடிமேட் கதவுச் சத்தம் ஒன்றை வாங்கிப் பொருத்தச் சொல்லியிருந்தார்.

ஆட்டம் அருமையாகப் போனது. கறுப்புத் தண்ணீர் ஏறும்போது பல் டாக்டர் அம்மா எட்டடி எகிறினார். மின்விசிறியிலிருந்து பிடித்து இறக்கினோம். பிறகு மூன்றாவது மாடி. சலவை அறை. கதவு திறந்தது. "ப்ப்ளக்" என்றது. மூன்றாவது வரிசையில் ஒருவர், "என்னங்க, ஃப்ரிட்ஜ் தொறக்குது?" என்றார். அவ்வளவுதான், ஹால் இரண்டாகப் பிளந்தது. பேய் பாய்கிறது, இவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். "உள்ள பால் இருக்கா பாருங்க" என்று ஒரு குரல்.

பல் டாக்டர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த கன்ட்ரோலரை மெல்லக் கீழே வைத்தார். கோட்டுக்காரர் ஓடிவந்து, "சத்தம் மாத்திடுவோம் மேடம், சுடுங்க, சுடுங்க" என்றார். அந்தம்மா சொன்னார்: "சத்தம் இல்லைங்க பிரச்சினை. இது அவ இல்ல. அவ உள்ள வரமாட்டா. எத்தனை வருஷமா அந்த ரூம்ல போய் ஒளிஞ்சிருக்கேன் தெரியுமா? ஒரு நாளும் வந்ததில்ல. யாரையோ கொண்டுவந்து அவ சட்டையை மாட்டி என்கிட்ட சுடச் சொல்றீங்களே!"

பல்லைப் பிடுங்குகிற கை அல்லவா? கோட்டுக்காரர் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது ஆசாரியம்மா எழுந்தாள். "சார், மூடின கதவு வெர்ஷன் என்கிட்ட இருக்கு." கோட்டுக்காரர் திரும்பி, "அதை அழிக்கச் சொன்னேனே?" என்றார். "அழிச்சிட்டேன் சார். இது இன்னொண்ணு." உடனே சோடாபுட்டி, "என்கிட்டயும் ஒண்ணு இருக்கு" என்றான். கணக்குப் பார்க்கும் அம்மாவிடம் ஒன்று. கதாபாத்திரங்களுக்கு முகம் வரைகிறவனிடம் ஒன்று. அழித்துவிட்டோம் என்று கோட்டுக்காரர் முன்னால் ஆளுக்கொரு சத்தியம் செய்தவர்கள்! ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை. இந்த அலுவலகத்தில் டீக்கு ஒற்றுமை கிடையாது, மின்விசிறிக்கு ஒற்றுமை கிடையாது. உன் கதவுக்கு மட்டும் இப்படி ஒரு ஒற்றுமை. தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"நானே விளையாடிப் பார்க்கிறேன். இதுல என்னதான் இருக்கு?" என்று கோட்டுக்காரர் உட்கார்ந்தார். கடைசிக் கட்டம் வந்தது. இருக்கிற பொத்தானையெல்லாம் அமுக்கினார். கதவு உடையவில்லை. சாவி வேலை செய்யவில்லை. எதை அமுக்கினாலும் வார்டன் போர்வையைத் திணிக்கிறாள், கதவில் சாய்ந்து உட்காருகிறாள். தண்ணீர் ஏறுகிறது. பிறகு அந்தக் குரல். நீ ஒரு மத்தியானம் தற்காலிகமாகப் பேசிக் கொடுத்தது. அப்புறம் எத்தனையோ நடிகைகளைக் கூட்டிவந்தும் ஒருவர் குரலும் ஒட்டவில்லை. "நான் உள்ள வரமாட்டேன். இங்கதான் இருக்கேன்."

கோட்டுக்காரர் கை பொத்தானிலிருந்து நழுவியது. மூச்சு விட மறந்து நீலமாகி, ஊதாவாகி, கறுப்பை நெருங்கினார். ஆசாரியம்மா தண்ணீர் தெளித்து மீட்டாள். எழுந்தவர் செய்த முதல் காரியம், கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டது. உள்ளே சாதாரணச் சட்டைதான். மனிதர்தான்.

"யாரோட குரல் அது?" என்று கேட்டார். நான்தான் சொன்னேன்: "'அப்ப நீங்க இல்ல'ன்னு சொல்லி அனுப்பினீங்களே, அவளோடது."

முடிவை நாளைக்குச் சொல்வதாகச் சொல்லிப் போயிருக்கிறார். நான் அறையைக் காலிசெய்யவில்லை. காலிசெய்யப் போவதும் இல்லை. வேண்டுமானால் அறையோடு என்னைத் தூக்கிக்கொண்டு போகட்டும்.

உன் வார்த்தைகளுக்கு இங்கே காவல் பலமாக இருக்கிறது. நிம்மதியாகத் தூங்கு.

இப்படிக்கு,
அசையாத
உன் மாமன்.

---

அன்புள்ள மருமகளுக்கு,

கதவு மூடியே இருக்கும். முடிவாகிவிட்டது. கையெழுத்தும் ஆகிவிட்டது. துப்பாக்கிக்குப் பணம் செலவழித்தாயிற்றே, எங்கேயாவது வையுங்கள் என்றார் கோட்டுக்காரர். விடுதி அலுவலக அலமாரியில் துருப்பிடித்து, தோட்டா இல்லாமல் வைத்திருக்கிறோம். எடுத்துப் பார்த்தால் வார்டன் தும்முவாள். தும்மல் என்னுடையது.

இன்னொரு சண்டையும் நடந்தது. கடைசியில் பெயர்கள் ஓடும் இல்லையா, அதில் உன் பெயரை எடுத்துவிட்டார்கள், வேலையை விட்டுப் போனவள் என்று. "அப்ப எங்க பேரையும் எடுங்க. ஒரு பேரும் இல்லாம ஓடட்டும், பேயே தன்னைத்தானே செஞ்சுக்கிச்சுன்னு ஜனங்க நெனச்சுக்கட்டும்" என்றேன். என் பின்னால் மொத்த ஹாலும் நின்றது. இப்போது உன் பெயர் முதலாவது.

ஒரே ஒரு வேலை பாக்கி. வார்டனுக்குப் பேச்சு மறந்துபோன பிறகு கதவுக்கு வெளியே அவள் மூச்சு மட்டும் கேட்க வேண்டும். அந்த மூச்சு உன்னிடம்தான் இருக்கிறது. மைக்கைத் துடைத்து வைத்திருக்கிறேன். வா என்று சொல்லமாட்டேன். நீ கோபமாகப் போனாய். கோபத்தில் நியாயம் இருந்தது. அது தீரும்போது தீரட்டும்.

எல்லாரும் கேட்கிறார்கள், அந்த வசனம் உனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று. நான் சொல்லவில்லை. உன் அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அன்று, ஏழு வயதுக் குட்டி குளியலறைக்குள் தாழ்போட்டுக்கொண்டது. அக்கா தட்டினாள், பக்கத்து வீட்டார் தட்டினார்கள், உடைக்க ஆள் கூட்டிவந்தார்கள். நான் எல்லாரையும் விரட்டிவிட்டு வாசலில் உட்கார்ந்தேன். "திறக்காத. நான் உள்ள வரமாட்டேன். யாரும் நம்பாத கதை ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ" என்று ஆரம்பித்தேன். என் கதையின் மகிமையால்தான் கதவு திறந்தது என்று இத்தனை வருஷமாகப் பீற்றிக்கொண்டு திரிகிறேன்.

இந்தக் கடிதங்களில் பல் டாக்டர் அம்மா எட்டடி எகிறியதை அரையடியாக்கிக்கொள். கோட்டுக்காரர் கறுத்துப்போனதை லேசாக வியர்த்ததாக வைத்துக்கொள். அண்டசராசரம் நடுங்கவில்லை, நான் பிடித்திருந்த நாற்காலிதான் நடுங்கியது. கூட்டாமல் குறைக்காமல் நிஜம் என்று சொல்ல ஒரு சின்னச் சங்கதிதான் இருக்கிறது. அன்று என் கதைகள் எப்போதோ தீர்ந்துவிட்டன. நீ தாழ்ப்பாளை எடுத்தபோது நான் எதையும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. தொண்டை கட்டிப்போய், கதவில் சாய்ந்து, சும்மா உட்கார்ந்திருந்தேன். அது மட்டும் உண்மை.

நன்றாக இரு, கண்ணு. இங்கதான் இருக்கேன்.

உன் மாமன்.